கவுன்டரில் ‘இல்லை’ என்று சொன்ன மாதங்கள்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஸ்வேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் புரோகிராமராகச் சேர்ந்தவள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள்.

“மேடம், உங்க பழைய ஜாவா புரோகிராம் எல்லாம் ஸ்டார்ட் ஆகும்போதே அஞ்சாறு லைன் எழுதுது. எந்த டேட்டாபேஸ்ல நிக்குது, எந்த யூசர், ரிசல்ட்ல என்னென்ன வந்துருக்குன்னு. இப்ப புது சிஸ்டம் எல்லாத்தையும் தானே பாத்துக்கும். ஏக்தம் ஃபால்தூ, சுத்த வேஸ்ட் மேடம். எடுத்துடவா?”

“எடுத்துக்கோம்மா” என்றேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன பதில் இருக்கிறது? பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு மொட்டை அடிக்கலாமா கூடாதா என்று நான் சொல்ல முடியுமா? போனை வைத்த பிறகு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வரிகளை ஏன் எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி, சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இந்தி ‘நஹீன்’ ஒன்றுதான். கணவர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, பரீட்சை எழுதி, லோதி ரோடில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, இன்னும் இரண்டு பரீட்சை எழுதி புரோகிராமர் ஆனேன். இந்த ஒரு வரியில் என் இளமைக் காலம் அடங்கிவிட்டது. அதற்காக வருத்தமில்லை.

எங்கள் அலுவலகத்தின் வேலையை யாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாமல் கிடைத்தவர்கள், அடையாளம் தெரியாத பிணங்கள் என்று எல்லா விவரங்களையும் போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து வாங்கி டேட்டாபேஸில் ஏற்றுவோம். தில்லி ஸ்டேஷன்களின் தகவல் அன்றன்றே வந்துவிடும். வெளி மாநிலத்துத் தகவல் தபால் வேகத்தில் வரும். மாடியில் பதிவு செய்யும் அறை. கீழே வராந்தாவை ஒட்டி ஒரு கவுன்டர். அதற்கு எதிரே ஒரு நீளமான மர பெஞ்சு.

வீட்டில் ஒருவர் தொலைந்து போனவர்கள் அந்த பெஞ்சில் வந்து உட்கார்வார்கள். முறை வந்ததும் கவுன்டரில் இருக்கும் சுனிதா கேட்பாள். ஆணா பெண்ணா, வயது, உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்தது என்ன, எந்த நாளிலிருந்து காணவில்லை. சொல்லச் சொல்லத் தட்டுவாள். ஒத்துவருகிற ரெக்கார்டு இருந்தால் திரையைத் திருப்பிப் போட்டோவைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் “ரெக்கார்டு மே நஹீன் ஹை” என்று சொல்ல வேண்டும். ரெக்கார்டில் இல்லை. அவ்வளவுதான் நடைமுறை.

சுனிதா அந்த ‘நஹீன்’ சொல்லும்போது பெஞ்சிலிருந்து வந்தவர்கள் கை கூப்புவார்கள். சிலர் கவுன்டர் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். செத்தவர்கள் பட்டியலில் இல்லை என்றால் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? எங்களுடைய ‘இல்லை’ அவர்களுக்குப் பிரசாதம் போல.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் பட்நாகர் சாப். அவரைப் பற்றி நின்று நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் எனக்குத்தான் பாவம். வெள்ளைச் சட்டை, மனைவி பின்னிக் கொடுத்த சாம்பல் ஸ்வெட்டர், பையில் ஒரு மசிப் பேனா. அந்தப் பேனா எழுதி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எல்லாமே வாய் வார்த்தைதான். பியூனைக்கூட ‘ஜி’ போட்டுத்தான் கூப்பிடுவார். குளிர்கால மத்தியானங்களில் எங்களையெல்லாம் புல்வெளி வெயிலுக்குக் கூட்டிப்போய், கொய்யாவை நறுக்கி, மசாலா உப்புத் தடவி, கையில் கையில் கொடுப்பார். எதைக் கேட்டாலும் “ஹோ ஜாயேகா” என்பார். ஆகிவிடும். பாதி ஆகும்.

அவர் சொல்லாமல் ஒரு வயரைக்கூட யாரும் தொடக் கூடாது. தொட்டால் கத்த மாட்டார். மறுநாள் நம் முகத்தைப் பார்த்து ‘ஜி’ சொல்ல மாட்டார். அதற்குப் பயந்தே அந்த அலுவலகம் மொத்தமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம். மேலிடத்திலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வரும்போது கம்ப்யூட்டர் பதில் சொல்லத் தாமதமாகக் கூடாது. நிஜமான டேட்டாபேஸ் பெரிசு. எங்களிடம் இருந்த இயந்திரம் கிழடு. ஒரு கேள்வி கேட்டால் முக்கி முனகித்தான் பதில் வரும். வந்தவர் நாற்காலியில் சரியாக உட்கார்வதற்குள் போட்டோ திரையில் தெரிய வேண்டும் என்பது சாபின் கணக்கு. அதற்காக நிஜத்திலிருந்து கொஞ்சம் பிரதி எடுத்துச் சின்னதாக இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருந்தோம். அதற்கு ‘நமூனா’ என்று பெயர். மாதிரி. பெரிய மனிதர்கள் வரும் நாளில் சாப், “நமூனா லகா தோ” என்பார். கவுன்டர் கம்ப்யூட்டரை மாதிரிக்குத் திருப்பிவிடுவார்கள். அவர்கள் போனதும், “அஸ்லி லகா தோ” என்பார். மறுபடி நிஜத்துக்குத் திருப்புவார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. பந்திக்கு வாழை இலை போடுவதும் எடுப்பதும் போல அது ஒரு சாதாரண வேலை.

அந்த வருஷம் மார்கழிப் பனியில் யாரோ பெரிய குழு வந்தது. நமூனா மாட்டினார்கள். குழுவுக்கு ஏகப்பட்ட திருப்தி. சாப் அவர்களோடு காரிலேயே ஏறிப் போய்விட்டார். அடுத்து லீவு நாட்கள் வந்தன. “அஸ்லி லகா தோ” என்று சொல்ல வேண்டிய வாய் அன்றைக்கு இல்லை. சொல்லாமல் செய்யும் கை எங்கள் அலுவலகத்தில் எப்போதுமே இல்லை.

இது அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கவுன்டர் திடீரென்று வேகமாகிவிட்டது என்பது மட்டும்தான். சுனிதா சந்தோஷமாக இருந்தாள். பெஞ்சில் கூட்டம் தேங்கவில்லை. சாப் இரண்டு மூன்று தரம் கீழே வந்து பார்த்துவிட்டு, “பஹுத் அச்சா” என்று சொல்லிப் போனார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்கில் நம்பிராஜன் அண்ணாச்சி குடும்பம் இருந்தது. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். லோதி ரோடிலேயே இன்னொரு சர்க்கார் கட்டிடத்தில் ஹெட் கிளார்க். தம்பி இசக்கிமுத்துவை வேலைக்காக ஊரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். லேத்து பட்டறையில் வேலை பார்த்தவன். இடது ஆள்காட்டி விரலின் நுனியை இயந்திரம் தின்றிருந்தது. வெகுளி. இந்தி ஒரு சொல் வராது. தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கோல் மார்க்கெட்டில் ஒருவர் வேலை தருவதாகச் சொன்னார் என்று கிளம்பிப் போனவன் திரும்பி வரவில்லை.

அண்ணாச்சி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். யமுனைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான் அப்போது மாடியில் வேறு வேலையில் இருந்தேன். கவுன்டருக்குப் போய்க் கேளுங்கள் என்றேன். போனார். அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

“தங்கச்சி, பய உசுரோடதான் இருக்கான். செத்தவங்க பட்டியல்ல இல்லன்னு கம்ப்யூட்டரே சொல்லிட்டு. ஊருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். ஆத்தா இன்னைக்கித்தான் சோறு தின்னிருக்கா.”

அந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் வைத்தார்கள். மதினி ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் அண்ணாச்சி விடவில்லை. ஆபீஸ் உணவு இடைவேளையில் நடந்தே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டு, ‘நஹீன்’ வாங்கிக்கொண்டு போவார்.

வெயில் ஏறத் தொடங்கியபோது கவுன்டர் புரோகிராமை ஜாவாவில் புதிதாக எழுதும் வேலை எனக்கு வந்தது. ஜாவா எங்களுக்கு அப்போது புதுச் சரக்கு. பழைய புரோகிராமில் என்னென்ன விவரங்கள் திரையில் வர வேண்டும் என்று நாமே ஒவ்வொன்றாக எழுதிவைக்க வேண்டும். டேட்டாபேஸில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ந்தால் புரோகிராமுக்குத் தெரியாது. ஜாவாவில் வேறு வழி இருந்தது. கேள்வி கேட்டுப் பதில் வந்ததும், அந்தப் பதிலையே விசாரிக்கலாம். உன்னிடம் எத்தனை நெடுவரிசை, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எழுத்தா எண்ணா தேதியா, எவ்வளவு அகலம் என்று கேட்டால் அதுவே சொல்லும். அதற்கேற்றபடி திரை தன்னைத்தானே வரைந்துகொள்ளும். எனக்கு அதில் கொள்ளை ஆசை. ஆளை மட்டுமல்ல, ஆளின் ஜாதகத்தையும் கேட்டு வாங்குவது மாதிரி இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் நிஜ டேட்டாபேஸில் ‘அங்க அடையாளம்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருந்தார்கள். மச்சம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் அதில் வரும். மாடியில் என் கம்ப்யூட்டரில் புதுப் புரோகிராமை ஓட்டினேன். அங்க அடையாளம் அழகாகக் கடைசியில் வந்தது. கீழே கவுன்டரில் ஏற்றினேன். வரவில்லை.

“மேடம்ஜி, உங்க புது புரோகிராம் திரையில ஒரு டப்பாவ முழுங்கிடுச்சு” என்று சுனிதா இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதனால் முதலில் என் எழுத்தையே சந்தேகப்பட்டேன். வரி வரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. மாடியிலும் கீழேயும் ஒரே புரோகிராம், ஒரே கேள்வி. பதிலில் எத்தனை நெடுவரிசை என்று இரண்டு இடத்திலும் அச்சிடச் சொன்னேன். கீழே ஒன்று குறைந்தது. அப்படியானால் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது.

புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஒரு தொடர்பு போட வேண்டும். கனெக்‌ஷன் என்போம். புரோகிராம் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் எந்த டேட்டாபேஸுக்குக் கொண்டுபோய் விடும் என்பது அந்தந்தக் கம்ப்யூட்டரில் தனியாக எழுதியிருக்கும். நமூனா, அஸ்லி என்று திருப்புவதெல்லாம் அந்த இடத்தில்தான். அதனால் வெளியே பெயர் மாறாது. கனெக்‌ஷனை விசாரித்தேன். உன் முகவரி என்ன? இரண்டு இடத்திலும் ஒரே பதில். எந்த யூசராக உள்ளே போனாய்? ஒரே பதில். கடைசியில், நீ இப்போது நிற்கிற டேட்டாபேஸின் உண்மைப் பெயர் என்ன என்று கேட்டேன். மாடியில் நிஜத்தின் பெயர் வந்தது. கீழே, கவுன்டரில், சுனிதாவின் தோளுக்கு மேலே குனிந்து நான் படித்தது: நமூனா.

பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுனிதா ஒரு கிழவருக்கு அந்த நிமிஷம்தான் ‘நஹீன்’ சொல்லி முடித்திருந்தாள். அவர் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

பட்நாகர் சாபைக் கூட்டிவந்து காட்டினேன். சுனிதாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையை வெகு நேரம் பார்த்தார். பியூனைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். ‘ஜி’ சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே, “கோமதிஜி, அஸ்லி லகா தோ” என்றார். எழுந்து போகும்போது, “இதுக்கு காகிதம் எதுவும் போட வேண்டாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

நிஜத்துக்குத் திருப்பினேன். அந்தக் கிழவரைத் தேடி வராந்தாவுக்கு ஓடினேன். பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்.

திரும்பி வந்து நான் முதலில் தட்டியது இசக்கியின் விவரம்தான். வேறு யாருக்காக முதலில் தட்டுவேன்? கிழட்டு இயந்திரம் முனகியது. ஒரே ஒரு ரெக்கார்டு வந்தது. யமுனைக்கு அந்தப் பக்கம், சாலையில் லாரி மோதியது. இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. அங்க அடையாளம் என்ற நெடுவரிசையில் இந்தியில் எழுதியிருந்தது: முன்கையில் பச்சை, ஏதோ மதராஸி எழுத்து. போட்டோவைத் திறந்தேன். கையைத் தனியாகவும் எடுத்திருந்தார்கள். ‘இசக்கி’ என்று கொட்டை எழுத்தில் பச்சை குத்தியிருந்தது. தன் பெயரைக் கையிலேயே எழுதிக்கொண்டு கிடந்திருக்கிறான். படிக்கத் தெரிந்த நான் அதே கட்டிடத்தின் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவான தேதியைப் பார்த்தேன். அண்ணாச்சி முதன்முதல் கவுன்டருக்கு வந்ததற்கு முந்தைய நாட்களில் ஒன்று. எரித்த தேதியைப் பார்த்தேன். அவர் வந்து போன பிறகு. பனிக்காலத்தில் பிணவறையில் கூட்டம், அதனால் விதியில் சொன்னதைவிடக் கூடுதலாகவே வைத்திருந்திருக்கிறார்கள். அவர் ‘நஹீன்’ கேட்டுக் கை கூப்பிய அன்று தம்பி அங்கேதான் இருந்தான்.

சாபிடம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஸ்டேஷன்லேருந்து தகவல் இப்பதான் வந்துதுன்னு சொல்லிடுங்க கோமதிஜி. அவர் மனசுக்கும் அது ஆறுதல். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்றார். இந்தியில் அது இன்னும் இதமாக இருந்தது. அவர் பொய் சொல்லச் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான் என்று இன்றுவரை என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். போட்டோவின் பிரின்ட்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். மதினி அடுப்படியில் இருந்தாள். அண்ணாச்சி அப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இசக்கி ரெக்கார்டு கெடச்சிட்டு.”

“எங்க இருக்கானாம்?” என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்க்காமல் இருந்திருக்க வேண்டிய முகம் அது. பிரின்ட்டை எடுத்து நீட்டினேன்.

கையைத்தான் முதலில் பார்த்தார். கட்டை விரலால் அந்த எழுத்துகளைத் தடவினார்.

“இதக் குத்திட்டு வந்தன்னைக்கி அப்பா இவன அடிச்ச அடி...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்தபோது ஹெட் கிளார்க்காகத்தான் கேட்டார்.

“இது எப்பம் பதிஞ்சது, தங்கச்சி?”

சாப் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் என் வேலையும் சுலபம், அவர் துக்கமும் கொஞ்சம் சுலபம். ஆனால் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இத்தனை மாசம் எங்கள் கட்டிடம் பொய்யைத்தான் கொடுத்திருக்கிறது. இன்னும் ஒன்றா?

“தைக்கு முன்னாடியே, அண்ணாச்சி. நீங்க மொத தடவ வாரதுக்கு முன்னாடியே.”

“அப்பம் நான் வந்து கேட்டன்னைக்கி?”

“ஆஸ்பத்திரிலதான் வச்சிருந்தாவ.”

“எரிச்சிட்டாவளா?”

“ஆமா.”

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. மதினி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அலறலை நான் எழுதப்போவதில்லை. அண்ணாச்சிக்கு நான் நமூனாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். கவுன்டரில் இருந்த கம்ப்யூட்டர் நிஜத்தைப் பார்க்கவில்லை, பெரிய மனிதர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்த மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“என்கூட அந்த பெஞ்சில இருந்தாவளே, அவ்வளவு பேருக்கும் இல்லன்னுதான சொன்னிய?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி.”

“எல்லாரும் கும்புட்டுட்டுப் போனாவளே, தங்கச்சி.”

மறுநாள் அலுவலகத்தில் நான் தேடியது அந்தக் கும்பிட்டவர்களை. எங்கள் டேட்டாபேஸில் தொலைந்தவர்களுக்கு இடம் இருந்தது. கிடைத்தவர்களுக்கு இருந்தது. செத்தவர்களுக்கு இருந்தது. வந்து கேட்டவர்களுக்கு மட்டும் இடமே இல்லை. கவுன்டர் புரோகிராம் படிக்கும், எதையும் எழுதாது. யார் கேட்டார், எங்கிருந்து வந்தார், யாருக்கு ‘நஹீன்’ சொன்னோம், ஒன்றும் இல்லை. மாசக்கணக்கில் வந்த அத்தனை பேரும் தில்லியில், பீகாரில், பஞ்சாபில், எங்கெங்கோ நம்பிக்கையோடு இருந்தார்கள்.

பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம், கவுன்டரில் இந்த மாதங்களில் கேட்டவர்கள் திரும்ப வந்து கேட்கட்டும் என்று ஒரு குறிப்பு எழுதினேன். காகிதம் வேண்டாம் என்று சொன்னவரின் மேசையிலேயே காகிதத்தை வைத்தேன். சாப் அதன் மேல் கண்ணாடிக் குண்டை வைத்துவிட்டு, “ஹோ ஜாயேகா” என்றார். விளம்பரம் கொடுத்தால் ஏன் என்று மேலே கேட்பார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? அந்தக் கண்ணாடிக் குண்டு கடைசிவரை நகரவில்லை. அந்த வருஷம் துரித சேவைக்காகக் கவுன்டருக்கு ஒரு கேடயம் வந்தது. சாபின் அறை அலமாரியில் வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு புரோகிராமும், எந்த டேட்டாபேஸில் நிற்கிறேன் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

அண்ணாச்சி ஊருக்குப் போய், கரைக்க ஒரு பிடி சாம்பல்கூட இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டு வந்தார். வந்த வாரமே, உணவு இடைவேளையில், டிபன் டப்பாவோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பதறிப்போய்க் கீழே இறங்கினேன்.

“என்ன அண்ணாச்சி, இங்க?”

“விளம்பரம் குடுக்க மாட்டாவன்னு சொன்னியல்லா. நான் குடுக்கேன்.”

தினமும் வந்தார். கவுன்டரிலிருந்து திரும்புகிறவர்களையும், கேட்டில் நுழைகிறவர்களையும் நிறுத்தி, தன்னுடைய கரடுமுரடான இந்தியில், “பெஹலே பீ ஆயே தே? ஃபிர் ஸே பூச்சியே” என்று சொல்வார். முன்னாடி வந்திருக்கிறீர்களா, மறுபடி கேளுங்கள். சில பேர் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு, அந்த பெஞ்சிலேயே சரிந்து அழுதார்கள். ஒரு சர்தார்ஜி அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார், ஏதோ அவர்தான் மறைத்துவைத்த மாதிரி. அண்ணாச்சி அவர் கையைத் தட்டிவிடவில்லை. பட்நாகர் சாப் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து மத்தியானம் பெஞ்சுக்கு ஒரு டீ அனுப்பிவைப்பார். தான் இறங்கி வரவில்லை. அந்த டீயை அண்ணாச்சி ஒரு நாளும் குடித்ததில்லை. ஆடை படிந்து அப்படியே இருக்கும்.

ஒரு நாள் அண்ணாச்சி என்னைத் தேடி மாடிக்கே வந்துவிட்டார்.

“தங்கச்சி, பனிக்காலத்துல என் பக்கத்துல ஒரு பீகார்க்காரம்மா உக்காந்திருந்தா. மகளத் தொலச்சிட்டா. ரயில் ஸ்டேஷன்ல கூட்டத்துல கைய விட்டுட்டாளாம். பிள்ளைக்கிப் பேச்சு வராது. வலது புருவத்துக்கு மேல தழும்பு. மாட்டுக் கொம்பு குத்துனதுன்னு சைகையில காட்டுனா. கொஞ்சம் பாருங்களேன்.”

தட்டினேன். பிணங்களில் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. கிடைத்தவர்களில் தேடினேன். புருவத்தில் தழும்பு, பேச்சில்லை, ரயில் நிலையத்தில் தனியாகக் கிடைத்தாள். பெண்கள் இல்லத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறாள். உயிரோடு, இதே தில்லியில். பதிவான தேதியைப் பார்த்தால், அந்த அம்மா கவுன்டரில் கேட்ட சமயத்தில் ரெக்கார்டு இருந்திருக்கிறது.

அண்ணாச்சி சிரித்தார். இசக்கி போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “பொழச்சிக் கெடக்காளே!” என்றார். பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அந்த அம்மாவின் பெயர் அவருக்குத் தெரியாது. ஊர் தெரியாது. கேட்டதற்கான பதில் எங்கள் கையில் இருந்தது, கேட்டவள் இல்லை.

அந்த இல்லத்துக்கு அண்ணாச்சி போய்ப் பார்த்தார். சொந்தக்காரர் இல்லையே என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். தூரத்தில் அந்தப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். பீகார் போலீஸுக்கு நான் எழுதினேன். சாபின் கையெழுத்து இல்லாமல், என் பெயரிலேயே. பதில் வரவில்லை. தாய்க்காரி ஒரு நாள் இல்லை ஒரு நாள் திரும்ப வருவாள் என்று அண்ணாச்சி பெஞ்சை விடவில்லை. அவருடைய கடைசி வேலை நாள் வரைக்கும் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டார். ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பியபோது, “நீங்க ஒரு கண்ணு வச்சிக்கோங்க, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வைத்திருந்தேன். அந்த அம்மா வரவே இல்லை. பிள்ளை பட்டியலில் இல்லை, எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்திருப்பாள்.

சில வருஷம் கழித்து அந்த இல்லத்தை மூடினார்கள். அந்தப் பெண்ணின் ரெக்கார்டைத் திறந்தேன். ‘வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்’ என்று எழுதியிருந்தது. எந்த இடம் என்று எழுத வேண்டிய நெடுவரிசை காலியாக இருந்தது. யாரோ நிரப்ப மறந்திருப்பார்கள், டேட்டாபேஸ் அதை எப்படி விட்டது என்று எனக்கு ஆத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டிய நெடுவரிசை என்று விதித்திருந்தால், காலியாக விட்டால் ரெக்கார்டையே ஏற்றுக்கொள்ளாது. ஜாவாவில் அதையும் கேட்கலாம். கேட்டேன். இந்த நெடுவரிசை காலியாக இருக்கலாமா?

இருக்கலாம் என்று பதில் வந்தது.